ஆயா சொன்ன ஆடாதோடை வேற செடியாம்! அந்தக் காலத்துல தபால்ல செடி அனுப்பி எப்படித்தான் பேர் கண்டுபிடிச்சாங்க?

டோங்காட் பேரன்:

வணக்கம் எல்லாருக்கும். நான் ரொம்ப நாளா இங்க சும்மா படிச்சிட்டுப் போற ஆள், எழுதுறது இதான் முதல் தடவை. என் தமிழ் கோயில்ல சனிக்கிழமை கிளாஸ்ல படிச்ச தமிழ், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

விஷயம் என்னன்னா இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கத்துல டோங்காட்ல, எங்க ஆயா வீட்டுக்குப் பின்னாடி ஓடை ஓரமா ஒரு பெரிய புதர் இருக்கு, என் தலைக்கு மேல வளந்திருக்கும், வெள்ளைப் பூ, உள்ள ஊதாக் கலர்ல கோடு கோடா. ஆயா அதை ஆடாதோடைன்னுதான் சொல்லுவாங்க, அவங்களுக்கு அவங்க ஆயா சொன்னதாம், வீட்ல யாருக்காவது சளி பிடிச்சா அந்தப் புதரைத்தான் கை காட்டுவாங்க. ஆயா போன வருஷம் தவறிட்டாங்க. இப்ப வீட்டை ரிப்பேர் பண்றோம், வேலைக்கு வந்தவர் ஒருத்தர் அதைப் பாத்துட்டு இது பிஸ்டல் புஷ்ஷாச்சே, இந்த நாட்டுக் காட்டுச் செடி, இந்தியாவுல இருந்து வந்தது இல்லன்னு சொல்லிட்டாரு. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கப்பல்ல வந்தவங்க முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்த விதைன்னு சின்ன வயசுல இருந்து நானா ஒரு கதை வச்சிருந்தேன்.

சரி கேட்டுப் பாப்போம்னு டர்பன் பொட்டானிக் கார்டன் பக்கம் போனேன். அங்க சுத்திக் காட்டினவங்க நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த நேட்டால்ல (டர்பன் இருக்கிற மாகாணத்தோட பழைய பேர்) இருந்தவங்களுக்கே பேர் தெரியாதுப்பா, செடியைக் காய வச்சு கப்பல்ல டப்ளினுக்கும் லண்டனுக்கும் அனுப்பிட்டு பதிலுக்குக் காத்துட்டு இருப்பாங்கன்னு சொன்னாங்க. அதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. செடியை அனுப்பிட்டா கையில செடி இல்லையே, ஆறு மாசம் கழிச்சு லெட்டர் வந்தா எந்தச் செடிக்கு எந்தப் பேர்னு எப்படித் தெரியும்? கப்பல் ஈரத்துல அழுகிடாதா? அனுப்புறவங்களுக்கு இதுல காசு உண்டா, இல்ல சும்மாவா? அப்புறம் முக்கியமா, எங்க ஆயா புதர் எதுன்னு நான் அதே மாதிரி இலையை இந்தியாவுக்கு அனுப்பிக் கேக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய தாள்:

தம்பி, நல்ல கேள்வி கேட்டீங்க. நான் ரிட்டயர் ஆன ஆளு, பழைய செடித் தாள்களை ஸ்கேன் பண்ற எடத்துல கொஞ்ச காலம் உக்காந்திருக்கேன், அதனால கை அரிக்குது, நீளமா எழுதுறேன்.

முதல்ல அழுகுற விஷயம். பச்சையா யாரும் அனுப்பல. பூ இலை காய் எல்லாம் இருக்கிற ஒரு கிளையை ஒடிச்சு ரெண்டு தாளுக்கு நடுவுல பரப்பி, மேல பலகையும் கல்லும் வச்சு அழுத்தி, தினமும் ஈரத் தாளை எடுத்துட்டு காஞ்ச தாள் மாத்தணும், அதுதான் வேலையே, ஒரு நாள் சோம்பேறித்தனம் பண்ணினா பூஞ்சை பிடிச்சிடும். நேட்டால் கடற்கரைப் புழுக்கம் உங்களுக்குத் தெரியாததா, டிசம்பர்ல துவைச்ச துணியே காயாது. நல்லா காஞ்சிட்டா அப்பளம் மாதிரி, நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது, பூச்சி மட்டும் வராம இருக்கணும், அதுக்கு அந்தக் காலத்துல பாதரச விஷம் கரைச்சுப் பூசுவாங்க (அதனாலதான் பழைய ஷீட்டைத் தொட்டுட்டு கையைக் கழுவாம சோத்துல கை வைக்கக் கூடாதுன்னு எங்களுக்கு முதல் நாளே பாடம்). சதைப்பத்தான செடிகதான் தலைவலி, தாளுக்குள்ளயும் சாகாம வளந்துட்டே இருக்கும், அதைக் கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்துட்டுத்தான் அழுத்துவாங்க.

இப்ப உங்க முக்கியமான கேள்வி, செடி போயிட்டா பேர் எப்படித் தெரியும். இதுக்குத்தான் நம்பர். ஒரே செடியில, ஒரே நாள்ல, ரெண்டு மூணு அஞ்சு கிளை எடுப்பாங்க, எல்லாத்துக்கும் ஒரே நம்பர். ஒண்ணைத் தன்கிட்ட வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கப்பல்ல ஏத்துவாங்க. அங்க இருக்கிறவர் பதில் எழுதும்போது செடியைத் திருப்பி அனுப்ப மாட்டார், நம்பரை மட்டும் வரிசையா எழுதி பக்கத்துல பேரைப் போடுவார். இது இன்னது, இது ஏற்கெனவே தெரிஞ்சது, இது புதுசு மாதிரி இருக்கு ஆனா காய் இல்லாம சொல்ல முடியாது, அடுத்த தடவை காயோட அனுப்புங்க, இப்படி. இவர் இங்க தன் பெட்டியைத் திறந்து அந்த நம்பர் ஷீட்ல பேரை எழுதிக்குவார். அதனாலதான் ஒரே ஷீட்ல ரெண்டு கையெழுத்து இருக்கும், நம்பர் ஒரு கை, பேர் இன்னொரு கை, மை கலரே வேற.

காய் இல்ல அனுப்புன்னு சொல்றது லேசு. பாய்மரக் கப்பல்ல லெட்டர் போக ரெண்டு மூணு மாசம், பதில் வர அதே மாதிரி. 1857ல யூனியன் கம்பெனி ஸ்டீமர் மாசம் ஒரு தடவை கேப்டவுனுக்கு வர ஆரம்பிச்சப்புறம் ஆறு வாரம்னு சுருங்குச்சு, அதுக்கு மேல கேப்டவுன்ல இருந்து டர்பன் வரணும். பதில் கைக்கு வரும்போது காய் எல்லாம் உதுந்து போயிருக்கும், அடுத்த வருஷம் பூக்கிற வரைக்கும் காத்திருக்கணும். ஒரு சந்தேகத்தைத் தீர்க்க ரெண்டு வருஷம் ஆச்சுன்னா அதைப் பெரிசா எடுத்துக்கவே மாட்டாங்க போல.

காசு? பெரும்பாலும் கிடையாது. இந்த ஹார்வி இருந்தாரே, வில்லியம் ஹென்றி ஹார்வி, அயர்லாந்துக்காரர், கேப் காலனியில (கேப்டவுன் இருக்கிற பக்கம்) கஜானா உத்தியோகத்துல இருந்தப்ப 1838ல தென்னாப்பிரிக்கச் செடி இனங்களைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார், அதுலயே வாசகர்களைப் பாத்து உங்க ஊர்ச் செடியை எனக்கு அனுப்புங்கன்னு கேட்டுட்டார். அப்படி முதல்ல பதில் போட்டவங்கள்ல ஒருத்தர் கிழக்கு கேப் பண்ணையில வளந்த ஒரு பொண்ணு, மேரி எலிசபெத், கல்யாணத்துக்கப்புறம் மேரி பார்பர். 1820ல இங்கிலாந்துல இருந்து குடியேற வந்தவங்க கப்பல்ல ரெண்டு வயசுக் குழந்தையா வந்தவங்க. ஆரம்பத்துல தான் பொம்பளைன்னே காட்டிக்காமதான் எழுதினாங்க. கிட்டத்தட்ட 30 வருஷம் இவங்க அனுப்ப அவர் பதில் எழுத, ஆயிரம் வகை செடி போல போயிருக்கு. ஹார்வி நன்றிக்கு பார்பரெட்டான்னு ஒரு செடிக்குப் பேர் வச்சார். அதான் சம்பளம்.

இவ்வளவு நேரம் ஏன் இந்த அம்மாவைப் பத்தி இழுக்கிறேன்னா, தம்பி, உங்க ஆயா புதர் பிஸ்டல் புஷ்தான்னா அதைப் பத்தி இவங்க எழுதியிருக்காங்க. 1871ல லண்டன் லின்னியன் சொசைட்டிங்கிற இயற்கை விஞ்ஞானச் சங்கத்தோட பத்திரிகையில வந்துச்சு, அந்தப் பூ எப்படி மகரந்தச் சேர்க்கை ஆகுது, விதை எப்படிப் பரவுதுன்னு. அந்தப் பூ இறுக்கி மூடின வாய் மாதிரி, சின்னத் தேனீயால திறக்க முடியாது, மரத்தைக் குடையுற அந்தக் குண்டு கருவண்டு வந்து தள்ளினாத்தான் வழி விடும். காய் முத்தினா டப்புனு வெடிச்சு விதையை எறியும், பிஸ்டல்னு பேர் வந்ததே அதனாலதான். இதெல்லாம் மாசக்கணக்குல செடி பக்கத்துல நின்னு பாத்தாத்தான் தெரியும், டப்ளின்ல காஞ்ச தாளை வச்சுட்டு உக்காந்திருக்கிறவருக்குத் தெரியாது. அந்த சொசைட்டியில பொம்பளைங்களை மெம்பரா சேத்தது எப்ப தெரியுமா, 1905. கட்டுரை போட்டாங்க, நாற்காலி போடல.

இன்னொண்ணு இருக்கு, அதை உங்களுக்காகவே கடைசியில வச்சேன். அந்தச் செடியோட லத்தீன் பேர் டுவர்னோயா அடாதோடாய்டிஸ். அடாதோடாய்டிஸ்னா என்ன? ஆடாதோடை மாதிரி இருக்கிறது. ஆமா தம்பி, நம்ம ஆடாதோடையேதான், லின்னேயஸ் 1753லயே அந்த வார்த்தையை லத்தீன் பேராக்கிட்டார், ஜஸ்டிசியா அடாதோடான்னு. அப்புறம் ட்ரேகேங்கிற ஜெர்மன்காரர் 1832ல போர்ட் நேட்டால் வரைக்கும் வந்து மூட்டை மூட்டையா செடி சேத்து ஊருக்கு அனுப்பினார், அந்த மூட்டைகளைப் பிரிச்சுப் பேர் வச்சவர் மேயர்னு கோனிக்ஸ்பெர்க்ல ஒரு புரொபசர், இந்தப் புதருக்கும் அவர் வச்ச பேர்தான், அவர் இந்த மண்ணை மிதிச்சதே இல்ல. அவருக்கு அங்க தாளைப் பாத்ததும் ஆடாதோடை ஞாபகம் வந்திருக்கு. உங்க ஆயாவோட ஆயாவுக்கு டோங்காட் ஓடையில புதரைப் பாத்ததும் அதே ஞாபகம்.

வெரூலம் அக்கா:

பெரியவர் எழுதினது படிச்சு எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிடுச்சு. ஆனா தம்பி கண்ணு, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த இலையை எடுத்துக் கொதிக்க வச்சுக் குடிச்சிடாதே. ஆயா குடிச்சாங்களே நமக்கு என்னன்னு தோணும். உண்மையான ஆடாதோடையில இருக்கிற மருந்து இதுலயும் இருக்கும்னு சொல்ல முடியாது, வேற என்ன இருக்கும்னும் சொல்ல முடியாது. எது என்னன்னு முடிவாகுற வரைக்கும் பாத்து ரசி, போதும். நம்ம ஆட்கள் இங்க வந்து ஊர்ல இருந்த செடி கிடைக்காம அது மாதிரி இருக்கிறதை எடுத்துக்கிட்டது நிறைய. வேப்பிலைக்கு நாங்க மாரியம்மன் பூஜைக்கு சிரிங்கா இலைதானே கட்டினோம், என் அம்மா அதை வேப்பிலைன்னுதான் சொல்லுவாங்க, சிரிங்கான்னு சொன்னா அடி விழும்.

தபால்ல போறதுக்குக் கிழங்குதான் ராஜா. காய வச்ச பூவுல கலரே போயிடும், கிழங்கு தூங்கிட்டு இருக்கிற மாசத்துல எடுத்து மண் உதறி காஞ்ச மரத்தூள்ல வச்சா மூணு மாசம் கப்பல்ல போயும் அங்க முளைச்சிடும். நம்ம ஊர்ல கிறிஸ்துமஸ் பெல்ஸ்னு ஆரஞ்சு கலர் மணி மாதிரி ஒரு பூ தொங்குமே, அதைக் கண்டெடுத்தது சாண்டர்சன்னு டர்பன்ல பத்திரிகை நடத்தினவர், 1851ல, அதனால அதுக்கு சாண்டர்சோனியான்னு பேரு. நம்ம காந்தளுக்கு அது சொந்தக்காரி. காந்தளே இங்க கடற்கரை மணல்ல தானா கிடக்கு, சங்கப் பாட்டுல விரலுக்கு உவமை சொல்ற அதே செங்காந்தள், இதையும் யாரும் கப்பல்ல கொண்டு வரல, ரெண்டு கரையிலயும் அதுபாட்டுக்கு இருக்கு. (ரெண்டு கிழங்கும் விஷம், அதையும் சொல்லிட்டேன்.)

நம்பர் சீட்டு கிழிஞ்சா என்ன ஆகும்னு எங்க தாத்தா ஒரு கதை சொல்லுவார். இங்க ஐம்பது வருஷம் போல ஊபா கரும்புதான் எங்க பாத்தாலும், வெட்டறதுக்குக் கல்லு மாதிரி, எங்க தாத்தா அதைத் திட்டாத நாளே கிடையாது. அந்தக் கட்டு கப்பல்ல வந்தப்ப மேல ஒட்டின சீட்டு நனைஞ்சு கிழிஞ்சு நடுவுல மூணு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் படிக்க முடிஞ்சதாம், அதையே பேராக்கிட்டாங்களாம். கதையோ நிஜமோ, சீட்டை ஒழுங்கா ஒட்டுடா தம்பி.

கோவைக்காரன் டர்பன்ல:

அக்கா நீங்க ஊபா கரும்பைப் பேசிட்டு நிறுத்திட்டீங்க, அதுக்கு அப்புறம் வந்தது எதுங்க? 1930கள்ல இங்க தோட்டத்துக்கு வந்து ஊபாவைத் துரத்துனது கோ 281, கோ 290, கோ 301 எல்லாம் எங்கூர்க் கரும்புங்க, கோன்னா கோயமுத்தூருங்க, 1912ல அங்க ஆரம்பிச்ச கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல ஒட்டுக் கட்டினது. நான் ரெண்டு வருஷம் முன்னாடி வேலைக்கு இங்க வந்தப்ப மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் ஒரு பெரியவர் இதைச் சொன்னாரு, எனக்கு அப்படியே நெஞ்சு நிமிந்துடுச்சுங்க. ஆள் முன்னாடி வந்தாச்சு, கரும்பு பின்னாடி வந்துச்சு.

சரி விஷயத்துக்கு வர்றேன். பழைய தாள் ஐயா சொன்னதெல்லாம் சரிதானுங்க, ஆனா எனக்கு ஒரு குறை இருக்கு. ஹார்வி அனுப்புன்னு கேட்டாரு, பார்பர் அம்மா அனுப்பினாங்க, மேயர் பேர் வச்சாரு, எல்லாம் துரைமார் துரைசானி கதையாவே இருக்கு. காட்டுக்குள்ள வழி காட்டினவன், மரத்து மேல ஏறி கிளை ஒடிச்சவன், தாள் மாத்தினவன், மூட்டை தூக்கினவன் பேரெல்லாம் எந்த ஷீட்லயும் இருக்காதுங்களே. நன்றிக்கு ஒரு பூவுக்குப் பேர் வச்சாங்கன்னு சொல்றீங்க, அது யாருக்கு வச்சாங்கன்னும் பாக்கணும்ல.

மெட்ராஸ் பக்கம் கொஞ்சம் வித்தியாசமா ஒண்ணு நடந்துச்சு, அதைச் சொல்றேன். ராபர்ட் வைட்னு ஒரு டாக்டர், கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில 1819ல வந்தவரு, நாகப்பட்டினத்துல இருந்தப்பவே கிளாஸ்கோவுல இருந்த ஹூக்கர்ங்கிற தாவரவியல் புரொபசருக்குச் செடியும் படமும் கட்டிக் கட்டி அனுப்புனாரு. காஞ்ச செடியில கலர் போயிடும்னு அக்கா சொன்னாங்கல்ல, அதுக்குத்தான் படம். அந்தப் படத்தை வரைஞ்சது வைட் இல்லைங்க, ரங்கையான்னு ஒருத்தரு, அவருக்கு அப்புறம் கோவிந்துன்னு ஒருத்தரு. ரெண்டு பேரும் நம்ம பக்கத்து ஓவியருங்க. வைட் அப்புறமா எங்க கோயமுத்தூர்லயே பருத்தி விவசாயம் பாக்க பத்து வருஷத்துக்கு மேல இருந்தாரு, 1838ல இருந்து 1853 வரைக்கும் அவரு போட்ட புத்தக வரிசையில மொத்தம் 2101 படம். ஒரு ஆர்க்கிடுக்கு கோவிந்துவோட பேரையே வச்சாரு, கோவிந்தூயான்னு. அந்தப் பேர் இப்ப புழக்கத்துல இல்லைங்க, வேற இனத்தோட சேத்துட்டாங்க, இருந்தாலும் ஒருத்தராவது வச்சாருல்ல.

தரங்கம்பாடி ராட்லர் பாதிரியையும் சொல்லணும். தமிழ் அகராதி தொகுத்தவருன்னு நமக்குத் தெரியும், மனுஷன் நாப்பது அம்பது வருஷம் ஊர் ஊரா செடி சேத்து ஐரோப்பாவுக்கு அனுப்பிட்டே இருந்திருக்காரு. வார்த்தையும் இலையும் ஒரே ஆளு சேத்தது எனக்குப் பிடிச்சிருக்குங்க. நேட்டால்ல அப்படி ஒரு ரங்கையா இருந்தாரான்னு தேடிப் பாத்தேன், என் கண்ணுல படல, பட்டா கண்டிப்பா வந்து எழுதறேன்.

டோங்காட் பேரன்:

ஐயோ இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. அடாதோடாய்டிஸ் மேட்டரை எங்க அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், அம்மா ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் புதருக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தாங்க, மழை பேஞ்சிட்டு இருக்கு.

பழைய தாள் ஐயா இன்னொரு சந்தேகம். ஒரே செடியில அஞ்சு கிளை வரைக்கும் எடுப்பாங்கன்னு சொன்னீங்க, ஒண்ணு தனக்கு, ஒண்ணு ஹார்விக்கு, மிச்சம் எதுக்கு? கப்பல் முழுகிடும்னு பயமா?

பழைய தாள்:

கோவைத் தம்பி சொன்னதுல எனக்கு மறுப்பே இல்ல. நான் ஸ்கேன் பண்ணின ஷீட்ல எல்லாம் சேகரிச்சவர்னு ஒரே ஒரு பேர்தான், அந்த ஒரு ஆள் தனியா மலை ஏறினார்னு நானும் நம்பல.

டோங்காட் தம்பி, கப்பல் முழுகுற பயம் சும்மா இல்ல. ஹாரி போலஸ்னு கிராஃப் ரெய்னெட்ல வியாபாரம் பண்ணினவர், 1864ல ஆறு வயசுப் பையனைப் பறிகொடுத்துட்டு மனசு உடைஞ்சு கிடந்தப்ப ஃப்ரான்சிஸ் கத்ரிங்கிற நண்பர் செடி பக்கம் கவனத்தைத் திருப்புன்னு சொல்லி ஆரம்பிச்சது (இந்த கத்ரிதான் ஒரு மேப்புக்கு நாலு கலர் போதுமான்னு கணக்குல கேள்வி கேட்ட அதே கத்ரி, நம்புங்க). 1876ல ரெண்டு பேரும் செடியெல்லாம் கட்டிக்கிட்டு லண்டன் க்யூ தாவரவியல் தோட்டத்துக்கே நேரா போயிட்டாங்க, லெட்டர்ல கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு போல. அங்க ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பேர் எழுதிக்கிட்டு திரும்பி வர்றப்ப விண்ட்சர் காசில் கப்பல் டாசன் தீவுப் பாறையில மோதிடுச்சு. ஆட்கள் பொழைச்சிட்டாங்க. பேர் எழுதின செடியும் புத்தகமும் கடலுக்குப் போச்சு.

ஆனா கூடுதல் கிளைக்கு முக்கியக் காரணம் பண்டமாற்று. உங்ககிட்ட ஒரு செடி பத்து ஷீட் இருக்கு, ஸ்வீடன்காரர்கிட்ட அவர் ஊர்ச் செடி பத்து இருக்கு, மாத்திக்கலாம். ஸ்டாம்ப் சேக்கிறவங்க மாதிரியேதான். பீட்டர் மகோவன்னு ஒரு ஸ்கூல் ஹெட்மாஸ்டர், கிரகாம்ஸ்டவுன்லயும் அப்புறம் சாமர்செட் ஈஸ்ட்லயும் இருந்தவர், இதுக்குன்னே தென்னாப்பிரிக்கச் செடி மாத்திக்கிற சங்கம் ஒண்ணு நடத்தினார். உள்ளூர் ஆட்கள் அனுப்புறதை வாங்கி, பேர் போட்டு, நூறு நூறா கட்டு கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்க இருந்து வர்றதைப் பிரிச்சுக் கொடுத்துட்டு, இதுக்கு நடுவுல பசங்களுக்குப் பாடமும் நடத்தியிருக்கார். பின்னாடி அவரும் போலஸும் சேந்து அச்சடிச்ச லேபிளோட செட்டு செட்டா விட்டாங்க, உலகத்துல பத்துப் பதினஞ்சு ஊர்ல ஒரே செடியோட ஒரே நம்பர் ஷீட் இருக்கும்.

அந்தப் பண்டமாற்றோட அருமை 1943 மார்ச்ல தெரிஞ்சது. பெர்லின் ஹெர்பேரியத்து (காஞ்ச செடித் தாள்களைச் சேத்து வைக்கிற எடம்) மேல குண்டு விழுந்து பெரும்பகுதி எரிஞ்சு போச்சு. ஷ்லெக்டர்னு ஒருத்தர் 1890கள்ல இங்க நாடு பூரா சுத்தி சேத்தது எல்லாம் அங்கதான் இருந்துச்சு. கேப்டவுன்ல போலஸ் பெட்டியில அதே நம்பர் டூப்ளிகேட் இருந்ததால இன்னிக்கும் அந்தப் பேரெல்லாம் எந்தச் செடிக்குன்னு காட்ட ஆதாரம் இருக்கு.

நம்ம டர்பன்காரர் மெட்லி வுட்டும் இப்படித்தான். இனாண்டாவுல பண்ணையும் கடையுமா இருந்துட்டு பெரணி, பாசி, காளான்னு சேத்து தெரியாததை எல்லாம் ஐரோப்பாவுக்கு அனுப்பி அனுப்பியே கத்துக்கிட்டவர், 1882ல பொட்டானிக் கார்டன் பொறுப்புக்கு வந்ததும் முதல் வேலையா ஹெர்பேரியம் ஆரம்பிச்சார். நீங்க தோட்டத்துல சைக்காட் (பனை மாதிரி இருக்கிற செடி) பாத்திருப்பீங்க, அவர் பேர்ல இருக்கிறது, 1895ல ஓங்கோயே காட்டுல ஒரே ஒரு இடத்துல கண்டுபிடிச்சது, ஆண் மட்டும்தான், பெண் இன்னி வரைக்கும் யாருக்கும் கிடைக்கல. அதுல ஒரு கன்று 1899ல க்யூவுக்குக் கப்பல்ல போச்சு. உயிர்ச் செடி போகணும்னா வார்டு பெட்டி, சுத்தி கண்ணாடி வச்சு மூடின மரப்பெட்டி, உள்ள இருக்கிற ஈரமே ஆவியாகித் திரும்பவும் சொட்டும், கடல் உப்புக் காத்து படாது. 1830கள்ல வந்த கண்டுபிடிப்பு, அதுக்கு முன்னாடி டெக்ல வச்ச தொட்டி பெரும்பாலும் பாதி வழியிலயே காலி.

ஒண்ணு கேக்கிறேன், உங்க குடும்பத்துல முதல்ல வந்தவங்க பேரை ஆர்க்கைவ்ஸ்ல எடுத்திருக்கீங்களா? எடுத்திருந்தா ஒரு நம்பர் இருந்திருக்குமே. 1860 நவம்பர் 16ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து வந்து சேந்ததுல ஆரம்பிச்சு 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா வந்த 1,52,184 பேருக்கும் நம்பர் போட்டு, பேர், அப்பா பேர், வயசு, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்புல என்ன தழும்புன்னு ஒரே வரியில எழுதி வச்சிருக்காங்க. என் முப்பாட்டன் வரியை முதல் தடவை பாத்தப்ப ஹெர்பேரியம் லேபிள் படிக்கிற மாதிரியே இருந்துச்சு, கொஞ்ச நேரம் பேனாவைக் கீழ வச்சிட்டேன். முதலியை மூட்லின்னு எழுதினதும் அதே காலத்து அதே ஆபீஸ் மைதான்.

வெரூலம் அக்கா:

எங்க வீட்லயும் மூட்லிதான் ஐயா. தழும்பு, இடது முழங்கால்ல.

தம்பி இலையை இந்தியாவுக்குத் தபால்ல அனுப்புறதைப் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன், பண்ணாதே. இப்ப அதுக்கெல்லாம் சர்ட்டிஃபிகேட் பெர்மிட் எல்லாம் வேணும், இல்லைனா கஸ்டம்ஸ்ல குப்பையில போடுவாங்க. பூ, இலை ரெண்டு பக்கமும், காய், மொத்தப் புதர்னு போட்டோ எடுத்து, பாத்துப் பேர் சொல்ற ஐநேச்சுரலிஸ்ட் வெப்சைட்ல போடு, இல்ல ஒரு கிளையைக் காய வச்சு டர்பன் ஹெர்பேரியத்துக்கே கொண்டு போ, ஒரு மணி நேர டிரைவ் கூட இல்ல. காய் இருக்கா பாரு, பெரியவர் சொன்னாரே டப்புனு வெடிக்கும்னு.

டோங்காட் பேரன்:

லேட்டா வர்றேன், மன்னிச்சிடுங்க, ஆனா ரிசல்ட்டோட வர்றேன்.

அக்கா சொன்ன மாதிரி அஞ்சு ஆறு காய் பழுப்பா திரும்பினதா பாத்துப் பறிச்சு, ஒரு பழைய பிஸ்கெட் டின்ல போட்டு மூடாம டிவிக்குப் பக்கத்துல வச்சிட்டு மறந்துட்டேன். முந்தாநாள் ராத்திரி அம்மா சீரியல் பாத்துட்டு இருக்காங்க, டின்னுக்குள்ள பட்டுனு ஒரு சத்தம், ஒரு விதை பறந்து போய் அப்பா டீ கிளாஸ்ல விழுந்துச்சு. பூனை அன்னிக்கு ஓடினது காலையிலதான் வந்துச்சு. அப்ப பிஸ்டல் புஷ்தான், ரிப்பேர்க்காரர் சொன்னது சரி. ஆயா அந்த இலையை எப்படி யூஸ் பண்ணினாங்கன்னு அம்மாகிட்ட கேட்டேன், குடிக்கவெல்லாம் கொடுத்ததே இல்லடா, தலைமாட்டுல வைப்பாங்க அவ்வளவுதான்னாங்க. அப்ப ஆயாவுக்கே உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

கோவை அண்ணா, நீங்க சொன்னதுக்கப்புறம் கிளை ஒடிச்சது யாருன்னும் லேபிள்ல எழுதப் போறேன். ஏணியைப் பிடிச்சது என் தங்கச்சி, அவ பேரும் வரும்.

ரெண்டு கிளை தாள் மாத்தி மாத்தி காய வச்சிட்டேன், பத்து நாள் ஆச்சு, அப்பளம் மாதிரிதான் இருக்கு. ரெண்டுலயும் நம்பர் 1னு போட்டிருக்கேன், ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு ஹெர்பேரியத்துக்கு. ஐயா, கடைசியா ஒரு டவுட். லேபிள்ல உள்ளூர்ப் பேர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல பிஸ்டல் புஷ்னு போடணுமா இல்ல ஆடாதோடைன்னு ஆயா சொன்னதையே போடலாமா, தமிழ் எழுத்துல?

பழைய தாள்:

ரெண்டையும் போடுங்க. ஆடாதோடைக்குப் பக்கத்துல டோங்காட் தமிழர் வழக்குன்னு சேத்து எழுதுங்க, யார் சொன்னாங்கன்னும். பால்பாயிண்ட் வேண்டாம், நாளாக நாளாக மங்கிடும், பென்சில்ல எழுதுங்க.